பந்தலுக்குப் பக்கத்துக் குழி

"நாளைக்குப் பெரிய அதிகாரி மரம் நட வர்றாரு. இந்தக் குழி வேணும்க்கா," என்றார் பேரூராட்சி மேற்பார்வையாளர் தனசேகர்.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலிக்காரி சிட்டம்மா ஏரிக்கரையைப் பார்த்தாள். போன ஆடியில் நட்ட இருநூறு கன்றுகளில் பிழைத்தது இந்தப் புங்கன் ஒன்றுதான். கோடை முழுக்க அவள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது. இடுப்பு உயரம் வந்திருந்தது.

"இதுல கன்னு இருக்கே தம்பி. அந்தப் பக்கம் அத்தனை குழி காலியா கெடக்கு."

"பந்தல இங்க போட்டாச்சு. அவர வெயில்ல நடக்கச் சொல்றியா? செத்த கன்னுக்கெல்லாம் அழாதவ, இதுக்குப் போய் அழுவுற."

கடப்பாரையால் சுற்றிலும் நெம்பினாள். கன்று அசைந்துகொடுக்கவில்லை. குழிக்குள் கையை முழங்கைவரை விட்டுத் தடவினாள். ஆணிவேர் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது, ஈரத்தைத் தேடி. அரிவாளை எடுத்து அறுத்தாள்.

மறுநாள் அதிகாரி புதுக்கன்றைப் பிளாஸ்டிக் பையோடு குழியில் வைத்தார். பையைக் கிழிக்கக் குனிந்தவளின் தோளைத் தனசேகர் தொட்டார்.

"விடுக்கா. மத்தியானம் அடுத்த வார்டுலயும் இதான்."

படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். கன்றைத் தூக்கிக்கொண்டு வண்டிகள் கிளம்பின.

சிட்டம்மா குடத்தைக் குழியில் சாய்த்தாள். தண்ணீர் நிற்காமல், அறுபட்ட வேரை ஒட்டி உள்ளே இறங்கியது. இன்னொரு குடம் மொண்டுவர ஏரிக்குள் இறங்கினாள்.