சின்னப் படகே போதும்

"இவருக்கு எதுக்குங்க பெரிசு? அந்தச் சின்னதே ஜாஸ்தி!"

கடைக்குள் காலை வைத்ததும் அந்தம்மாவின் முதல் வார்த்தை இதுதான். பின்னாலேயே அவள் கணவர். நல்ல ஆகிருதி. எங்கள் கதவில் ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது.

நாங்கள் விற்பது தூண்டில் போடுகிறவர்களுக்கான பாண்டூன் படகு. இரண்டு பக்கமும் காற்றடைத்த நீளக் குழாய், நடுவில் ஒரு சட்டம், அதன்மேல் சீட்டு. காற்றைப் பிடுங்கிவிட்டால் பைக்குள் அடங்கிவிடும். பேசி விற்பது என் வீட்டுக்காரர், பில் போடுவது நான்.

"உட்காருங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம். நிக்கட்டும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷனை உட்காரக்கூட விடாமல், என்ன பொம்பளை இவள்!

"ஏரியில மட்டும் போடுவீங்களா, ஆத்துலயும் போடுவீங்களா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டுலயும்தான்" என்றார் அவர், ஆசையாக.

"ஆறாவது, ஒண்ணாவது! ஏரியே இவருக்கு அதிகம்."

நான் குறுக்கே புகுந்தேன். "சின்னது நூறு கிலோ தாங்கும், பெரிசு நூத்தியெண்பது. உங்க எடை எவ்வளவு சார்?"

"எண்... எண்பது" என்றார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

எண்பதா! நானே எழுபத்தெட்டு!

"எதுக்கு வம்பு, ஏறியே பார்த்துடுங்களேன்" என்று மேஜைக்கு அடியிலிருந்து எடை மிஷினை இழுத்தேன்.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. "இல்லைங்க, இன்னொரு நாள் வரேன்" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

என் வீட்டுக்காரர் ஒரே தாவில் வந்து மிஷினைக் காலால் உள்ளே தள்ளினார். "அதுல பேட்டரி செத்துப்போச்சு சார். நீ ஏன் அதைப் போய் எடுக்கறே?"

காலையில்தான் புது பேட்டரி போட்டேன். பேட்டரியை எடுத்துக் கொடுத்தவரே இவர்தான்!

"எடையை விடுங்க சார். ஆத்துல இழுப்பு இருக்கும். சின்னதுன்னா தக்கை மாதிரி சுத்தும். குழாய் நீளமா இருந்தாத்தான் நேராப் போகும். உங்களுக்காகச் சொல்லலை, தண்ணிக்காகச் சொல்றேன்."

சரிதான், பெரிசைத் தலையில் கட்டப் பார்க்கிறார். பதினாறு வருஷமாகப் பொய் சொல்லி ஒரு துடுப்புகூட விற்காத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"சின்னதையே கொடுங்க" என்றாள் அந்தம்மா விடாமல். "பெரிசைத் துடுப்புப் போட்டு ஓட்ட இவரால ஆகாது."

வாசலுக்குப் போன கால் நின்றது. "யாரால ஆகாது?"

"உங்களாலதான்."

"ஓ! சார், அந்தப் பெரிசைக் காட்டுங்க!"

காற்றடித்து நடுக்கடையில் வைத்திருந்த பெரிய படகின் சீட்டை முதலில் கையால் அழுத்திப் பார்த்தார். பாதி உட்கார்ந்தார். காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாக முழு உடம்பையும் விட்டார்.

படகு ஒரு முனகல்கூட முனகவில்லை.

அப்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே! துடுப்பைப் பிடித்துத் தரையிலேயே நாலு வலி வலித்தார். "தள்ளிக்கம்மா, தள்ளிக்க, மீன் போகுது!" என்று என்னை வேறு விரட்டினார். நான் சிரித்தே விட்டேன்.

"போதும், இறங்குங்க. பார்க்கச் சகிக்கலை. சின்னதே..."

"பெரிசுதான்! பில் போடும்மா!"

"எக்கேடோ கெட்டுப் போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் வேறு ஒரு பெரிய படகைப் பையோடு எடுத்துக் கொடுக்க, அவர் சீட்டியடித்துக்கொண்டே காரில் ஏற்றப் போனார். மறந்து வைத்த காற்றடிக்கும் பம்ப்பை எடுக்க அந்தம்மா மட்டும் திரும்பி வந்தாள்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க. ஆசையாக் கேக்கறவரை இப்படியா மட்டம் தட்டுவாங்க? உட்காரக்கூட விடலையே நீங்க!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆபீஸ் விருந்துல இதே மாதிரி நாற்காலி உடைஞ்சு விழுந்துட்டாருங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எட்டு மாசமா வேலைக்குப் போறது, வீட்டுக்கு வர்றது, அவ்வளவுதான். வேற எங்கேயும் கூப்பிட்டா வர மாட்டேங்கறார். முதல் தடவையா வாயைத் திறந்து ஆசைப்பட்டது இந்தப் படகுக்குத்தான். இதுவும் அவரைக் கவுத்துட்டா, நான் என்ன செய்வேன்?"

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் நான் இழுத்துப் போட்ட இடத்திலேயே கிடந்தது.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "இவங்க காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. நூத்திப் பன்னிரண்டு கிலோ, ஆனா எடையை மட்டும் கேட்டுடாதீங்கன்னு. உன்கிட்டச் சொல்லலாம்னு பார்த்தேன். நீ எங்க பேச விட்டே?"

"அப்போ, சின்னதே போதும், சின்னதே போதும்னு மூச்சுக்கு மூச்சு சொன்னீங்களே?" என்றேன் அவளிடம்.

பம்ப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இருபத்துமூணு வருஷமாக் குடும்பம் நடத்தறேன். பெரிசு வாங்குங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் சின்னதைத்தான் வாங்கிட்டுப் போயிருப்பார்!"