முந்நூறு கிலோ

பொலிஸ் நிலைய அறையில் மூன்று பேர் இருந்தோம்: இன்ஸ்பெக்டர், ஆயுத இயக்கத்தினரைத் தேடிய கண்டிச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பாரந்தூக்கும் சம்பியன் விமலநாதன், அவனை மீட்க வந்த நடுவராகிய நான்.

சம்பியன் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, நான் நடுவராயிருந்த வத்தேகமப் போட்டியில் அவன் சாதனை படைத்த பத்திரிகைச் செய்தியை நீட்டினேன்.

"முந்நூறு கிலோவா! இந்தப் பக்கத்தில் வேறு யாராலும் முடியாதா?"

"என்னாலை மட்டும்தான், சேர்," என்று நெஞ்சை நிமிர்த்தினான், மடையன்.

"முந்தாநாள் ஹந்தானைத் தோட்டக் கந்தோரில் சம்பளப் பணம் வைத்த இருநூறு கிலோ இரும்புப் பெட்டி களவு போயிருக்கிறது. சேற்றில் ஒரே ஆளின் கால்தடம். பெட்டியை இயக்கத்துக்குத்தானே கொடுத்தாய்?"

நிமிர்ந்த நெஞ்சு வயிற்றுக்கு இறங்கியது.

"ஐயோ சேர், அது பொய்ச் சாதனை! பாரத் தட்டெல்லாம் மரம். கறுப்புப் பெயின்ற் அடிச்சதே இந்த அண்ணைதான். அண்ணை, சொல்லுங்கோவன்!"

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

அந்தச் சாதனையைக் காட்டித்தான் நான் தேசிய அணியின் முகாமையாளராகியிருந்தேன். அடுத்த கிழமை டோக்கியோவுக்கு விமானம்.

"பயத்தில் உளறுகிறான், சேர். ஒவ்வொரு தட்டையும் நானே நிறுத்துப் பார்த்தேன்."

பொலிஸார் வந்து விமலநாதனை உள்ளே தள்ளி, அசல் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.