வெற்றிக்கு முந்தின பொருள்

அகராதி அலுவலகத்தில் ‘வின்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் புதுப் பதிப்புக்காகத் திருத்தும் வேலை போன மாதம் சேர்ந்த பெண்ணுக்குப் போனதிலிருந்து, மூத்த உதவியாசிரியருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

போதாததற்குத் தலைமை ஆசிரியர் அச்சுப்படியை அவரிடமே கொண்டுவந்து நீட்டினார்.

“இதைப் படிங்க. ‘ஆதியில் இச்சொல்லுக்குப் பாடுபடுதல் என்றே பொருள்; வெற்றி பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.’ எனக்குச் சிலிர்த்துப்போச்சு!”

“அகராதியா சார் இது, மேடைப் பேச்சா? சுத்தக் கத்துக்குட்டி எழுத்து!” மூத்தவர் சிவப்புப் பேனாவால் அந்த வரியைப் பரபரவென்று அடித்தார்.

அந்தப் பெண் பதறி எழுந்தாள்.

“சார், மத்ததையெல்லாம் அடிங்க, நான் எழுதினது. அந்த வரி மட்டும் இருபது வருஷத்துக்கு முந்தின பதிப்புல இருந்தது. அதைவிட நல்லா எழுத வரலை, அப்படியே விட்டுட்டேன்.”

“ஏன், அதை எழுதினவன் என்ன பெரிய கொம்பனா?”

அவள் தலைமை ஆசிரியரைப் பார்த்தாள். பிறகு மூத்தவரிடம் திரும்பி, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“நீங்கதான் சார் எழுதினீங்க.”

மூத்தவர் பேனா மூடியைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். மூடி பேனாவின் பின்பக்கத்திலேயே செருகியிருந்தது.