கார்பன் தோப்பு

இலுப்பூர்ப் பக்கம், காற்றிலுள்ள கார்பனை உறிஞ்சுவதற்காக மேலப்பட்டியும் கீழப்பட்டியும் சேர்ந்து எல்லையில் வேம்பு நட்டிருந்தன. மூன்றாம் வருஷம், கன்று கொடுத்த கார்பன் கம்பெனி சொல்லியனுப்பியது: தோப்பு எந்த ஊருடையதோ, அந்த ஊருக்குக் குடிதண்ணீர்த் தொட்டி.

கம்பெனி மரம் எண்ண வரும் நாளில் இரண்டு ஊரும் தோப்பில் கூடின. போலீஸ் எச்சரித்திருந்ததால் எல்லோரும் வெறுங்கையோடுதான் வந்தார்கள்.

"கன்னு நட்டது நாங்க, மச்சான்," என்றார் மேலப்பட்டி ஆவுடையப்பன்.

"தண்ணி ஊத்துனது யாரு, ஒங்கப்பனா?" என்றார் கீழப்பட்டி மதுரைவீரன்.

அடுத்த நிமிஷம் மதுரைவீரனின் மண்டை பிளந்தது. ஆவுடையப்பனின் முழங்கை பின்பக்கமாக மடங்கியது. பல், விரல், தோள்பட்டை என்று வரிசையாக உடைந்தன. முகமெல்லாம் ரத்தமாகி அடையாளம் தெரியாமல், சொந்த ஊர்க்காரனையும் அடித்தார்கள்.

மாலையில் கம்பெனி அதிகாரி மோகனப்ரியா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மச்சான்கள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள்.

"தோப்புல ஒரு மரங்கூட இல்லையே. யார் வெட்டினது?"

"யாரும் வெட்டலைங்க," என்றார் ஆவுடையப்பன். "கைக்கு அடக்கமா இருந்துச்சு. ஆளுக்கொண்ணு முறிச்சுக்கிட்டோம்."

"இப்ப எங்கே?"

"ஸ்டேஷன்ல பத்திரமா இருக்குங்க. நம்பர் போட்டு அடுக்கியிருக்காங்க."

மதுரைவீரன் கட்டுப்போட்ட தலையை மெதுவாகத் தூக்கினார்.

"எண்ணிப் பாருங்க மேடம். அதுல எங்க ஊரு கட்டைதான் ஜாஸ்தி. தொட்டி எங்களுக்குத்தான்."