எட்டுப் பெயர், ஓர் அம்பு

யாரை வேலையைவிட்டு அனுப்புவது என்று முடிவெடுக்கும் பாவம் மேனேஜருக்கு வேண்டாமாம். அச்சகத்தின் எட்டுப் பேர் பெயரையும் ஓய்வறை டார்ட்ஸ் பலகையில் ஒட்டி, ஸ்டோர் கீப்பரிடம் அம்பைக் கொடுத்துவிட்டார்.

"சார், அவர் மூணு வருஷ சாம்பியன். அவர் எறிஞ்சா அது அதிர்ஷ்டம் இல்ல, தீர்ப்பு," என்றார் பைண்டர்.

"அவர் பேரும்தான் பலகையில இருக்கே. எறியட்டும்."

ஸ்டோர் கீப்பர் எறிந்தார். அம்பு அவர் பெயரிலேயே குத்தி நின்றது.

பைண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்மள்ல யாரை வேணும்னாலும் அடிச்சிருக்கலாம். தன்னையே அடிச்சுக்கிட்டாரு. மனுஷன்யா."

பலகையில் அடுத்த பெயர் ஸ்டோர் கீப்பருடைய மைத்துனனுடையது. அவர் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருஷமாக அவர் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறவன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னுதானே மாமா இப்படிப் பண்ணீங்க?"

"ம்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக, அரை அங்குலம் தப்பியிருந்தது. அவர் குறிவைத்தது மைத்துனன் பெயரை.