மூன்று மணித்தியாலத்தில் கொழும்பு

"ஞாயிறு விடிய குருநகர்க் கரையிலை மீன் ஏத்துறம். மூண்டு மணித்தியாலத்திலை லொறி கொழும்பிலை நிக்கும். சரிதானே?" என்று கேட்டாள் தாரிகா.

"ஓம் அக்கா," என்றார்கள் அவளிடம் வேலை செய்யும் ஐந்து பேரும்.

எதற்கும் ஆமாம் போடும் அந்த 'ஓம்' இப்போது அவளுக்குப் பிடிப்பதே இல்லை.

மீனவரையும் கொழும்பு ஹோட்டல்களையும் இணைக்கும் செயலி அவளுடையது. யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியில், ஒரு கடைக்கு மேலே ஒரே அறைதான் நிறுவனம். போன மாதம் அவள் பிழையான நேரம் போட்டதில் ஒரு லொறி நண்டு நாறிப்போனது. பிழையென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா சொல்லிவிட்டாவே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு லொறி நாறினால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான்.

அன்றைக்கே முடிவெடுத்தாள். இவர்கள் வாயிலிருந்து ஒரு 'இல்லை'யைப் பிடுங்காமல் விடுவதில்லை. குறை இருந்தால் சொல்லுங்கோ என்று கெஞ்சிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை அக்கா என்றார்கள்.

அதனால்தான் இன்று கூட்டத்தை முடிக்காமல் பேசாதிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். இருந்தாள்.

"இல்லை அக்கா."

ஜெசிதா. புதிதாகச் சேர்ந்த குருநகர்ப் பிள்ளை.

தாரிகாவுக்கு எழுந்து கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"சனி இரவு எங்கடை ஆக்கள் கடலுக்குப் போறேல்லை. ஞாயிறு விடியச் சேர்ச்சிலை பூசையெல்லோ."

தாரிகாவின் முகம் சுட்டது. அவள் காத்திருந்த 'இல்லை' இது அல்ல. கொழும்புக்கு எட்டு மணித்தியாலமாவது வேண்டும். யாராவது மறுக்கட்டும் என்று அந்த மூன்றை அவளே வேண்டுமென்று போட்டு வைத்திருந்தாள். ஞாயிறோ அவளுடைய அசல் பிழை. வெள்ளிக்கிழமை தன் வீட்டைப்போல மரக்கறிதான், மீன் விலைப்படாது என்று கவனமாக ஒதுக்கியவளுக்கு ஞாயிறு கண்ணில் படவே இல்லை.

ஞாயிறென்றதும் உங்களைச் சோதிக்கத்தான் என்று சிரித்துவிட்டால் மானம் தப்பிவிடும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"நான் யோசிக்கேல்லை, ஜெசிதா. பிழை என்ரைதான். திங்களுக்கு மாத்துவம்."

யாரோ மூச்சு விட்டது கேட்டது. பிறகு ஐவரில் இன்னொருவனான யதுசன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, மூண்டு மணித்தியாலத்திலை கொழும்புக்கு லொறி பறந்துதான் போகவேணும்."

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ஓம் தம்பி," என்றாள் தாரிகா. "அதுவும் என்ரை பிழைதான்."