பச்சை மூடி

பியட்றிஸ் தயிர் வாளியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதிலை சோளப்பாணி இருக்கோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ மலரக்கா. கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

அவள் கண்ணாடி கொண்டுவந்த நாளே இல்லை. மாசியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சார்செலிலிருந்து ரயிலேறி, தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வருவாள், நான் வேலை செய்யும் இந்தக் கடைக்குள் நுழைவாள், வாளியை நீட்டுவாள். கண்ணாடி வீட்டில் இருக்கும். நானும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. என் மூக்கில்தான் ஒன்று இருக்கிறதே.

ஆனால் இன்றைக்கு மூடி பச்சை.

இவ்வளவு நாளும் நீல மூடிதான். லண்டனிலிருந்து வரும் தயிர். அது விலை ஏறிவிட்டதென்று முதலாளி மகேந்திரராசா அண்ணை இந்தக் கிழமை ஹொலண்டிலிருந்து வேறு தயிர் இறக்கினார். வாளியில் எந்தப் பாஷை இருந்தாலும் மேலே பிரெஞ்சில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அது சட்டம். ஒட்டுவது என் வேலை. நீல மூடிக்கு நீலக்கோடு போட்ட ஸ்டிக்கர் சுருள், பச்சை மூடிக்குப் பச்சைக்கோடு போட்டது. காலையில் நாற்பது வாளிக்கு ஒட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

பியட்றிஸின் பாவாடைக்குப் பின்னால் அவள் மகள் செசில் நின்றாள். ஆறு வயது. சோளத்திலிருந்து எடுத்து இனிப்புக்குக் கலக்கிற அந்தப் பாணி ஒரு கரண்டி உள்ளே போனால் போதும், அந்தப் பிள்ளைக்கு முதலில் உதடு வீங்கும், பிறகு தொண்டை. தை மாதம் ஒருநாள் தயிரும் சோறும் சாப்பிட்டுவிட்டு மூச்செடுக்க முடியாமல் அம்புலன்ஸில் போனவள். இதை பியட்றிஸ் எனக்கு நாலு தரம் சொல்லியிருக்கிறாள். நாலு தரமும் அழுதாள்.

வீட்டில் ஐந்து பேர். புருசனுக்குத் தயிர் இல்லாவிட்டால் சோறு இறங்காது. பிள்ளைக்கு வேறு, பெரியவர்களுக்கு வேறு என்று வாங்கிப் பார்த்தாளாம். சின்னக் கை எந்த வாளிக்குள்ளும் போகுமே. அதனால் வீட்டுக்குள் வருகிற தயிர் எல்லாருக்கும் ஒன்றாக, பாணி இல்லாததாக இருக்கவேண்டும். சார்செலில் பெரிய கடையில் ஒரு சுவர் நிறையத் தயிராம். ஆனால் கேட்பதற்கு அங்கே ஒரு தமிழ் முகம் இல்லையாம்.

எப்போதும் செய்வதைச் செய்தேன். வாளியை எட்டப் பிடித்தேன். புருவத்தைச் சுருக்கினேன். ஒருதரம் சுற்றிப் பார்த்தேன். வழக்கமாக இதற்குப் பிறகு, இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிடுவேன். அவள் முகம் இளகும். கிழமையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஒருத்தி நம்மைக் கெட்டிக்காரி என்று நம்பினால் முதுகு தானாக நிமிரும்.

இன்றைக்கு வாய் வரவில்லை.

வாளியை மேசையில் வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் அடித்தேன். விடியவே மரக்கறி எடுக்கச் சந்தைக்குப் போனவர், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். வாளியைத் துணியால் துடைத்தேன், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் காணாது என்று முணுமுணுத்தேன். எங்கள் கடை வெளிச்சத்தில் ஊசி விழுந்தாலும் தேடி எடுக்கலாம்.

வரிசையில் முருங்கைக்காயோடு நின்றவர் பெருமூச்சு விட்டார். அவருக்கு அவசரமென்றால் எனக்கென்ன.

பியட்றிஸ் மணி பார்த்தாள். ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது, அதை விட்டால் அடுத்தது வருமோ என்பதே சந்தேகம், புருசன் வேலைக்கு வெளிக்கிட முதல் சமைக்கவேண்டும் என்றாள்.

மூன்றாம் தரம் அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. போனை மடித்தேன்.

இல்லை என்பது சின்னச் சொல். பதினாறு சனிக்கிழமை சொல்லிப் பழகியது. சொன்னால் அவள் போய்விடுவாள், வரிசை நகரும். தயிர்தானே, என்னத்தைக் கலக்கப்போகிறார்கள் என்று மனம் எனக்கே சமாதானம் சொல்லப் பார்த்தது.

செசில் மேசை விளிம்பைப் பிடித்து எட்டி வாளியைப் பார்த்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. தயிர் அவளுக்கு நல்ல விருப்பமாம்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். தமிழ்ப் பேப்பர் வாசிக்க வாங்கிய கண்ணாடி அது.

"எனக்கும் இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது பியட்றிஸ். நீல மூடியை முதலாளிதான் பார்த்துச் சொன்னவர்."

காது இரண்டும் சுட்டது. முருங்கைக்காயோடு நின்றவருக்கும் கேட்டிருக்கும். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

பியட்றிஸ் கோபிக்கவில்லை. தனக்கு வாசிக்கத் தெரியும் என்றும் சொல்லவில்லை. வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கி மேசையில் இருத்தினாள்.

பிள்ளை போன புரட்டாதியில்தான் முதலாம் வகுப்புக்குப் போனவள். அவளிடம் கேட்கலாம் என்று எங்கள் இருவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றித்தான் இருக்கும், கேட்க மனம் வந்திருக்காது.

செசில் ஸ்டிக்கரில் விரலை வைத்தாள். வாய்க்குள் எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். முதல் வரி போனது. இரண்டாவது வரியும் போனது.

மூன்றாவது வரியில் விரல் நின்றது.

அவள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாளியை என் பக்கம் தள்ளினாள்.